மலைக்கு ஏறிய தண்ணீர்க் கேன்

போன பங்குனிக்கு முந்தின பங்குனியில் நடந்தது. போடிக்கும் சிலமலைக்கும் நடுவே, தோட்டங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர் எங்களுடையது. அங்கே ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு நான்தான் ஆபரேட்டர். விடிந்ததும் மோட்டார் போடுவது, தொட்டி நிறைந்ததும் தெருத்தெருவாக வால்வைத் திருப்பிவிடுவது, எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் திட்டு வாங்குவது, இது மூன்றும் என் வேலை. உண்மையைச் சொன்னால், வாங்கிய திட்டைவிட நான் கொடுத்த திட்டுதான் அதிகம். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் குழாயை ஒழுங்காக மூடுவார்கள்.

அந்த வருஷம் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. மழை பெய்யாமல் இல்லை. ஒரு மாதத்து மழை மொத்தமும் இரண்டே நாளில் கொட்டி, ஓடைக்கரையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மண்ணுக்குள் இறங்க அதற்கு நேரமே இல்லை. இப்போதெல்லாம் மழை இப்படித்தான் வருகிறது. தை மாதத்திலேயே போர் மோட்டார் தண்ணீரும் காற்றுமாகத் துப்ப ஆரம்பித்தது. காலையிலேயே நிறைந்துவிடும் தொட்டி, பங்குனியில் மத்தியானம் வரை இழுத்தது. வேறு வழியில்லாமல் ஒரு தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை என்று ஆக்கினேன். ஊரே என்னைக் கரித்துக்கொட்டியது.

தொட்டிக்கு அடியில் ஒரு பொதுக் குழாய் உண்டு. மலைத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பும் அங்கேதான் வந்து நிற்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் விடிகாலையில் அதில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். வரும்போது மலை ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவது வழக்கம். அந்தத் தண்ணீரில் பருப்பு பூவாக வேகும். என் வீட்டில் விருந்தாளி வந்தால் அந்தத் தண்ணீரில்தான் காப்பி. தண்ணீர் என்றால் மலையிலிருந்து கீழே வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த நியாயம்.

அந்தப் பங்குனியில் ஒருத்தி இதைத் தலைகீழாகச் செய்தாள். பள்ளிக்கூடத் தெருக்காரி, எனக்கு முகப்பழக்கம்தான். தினமும் இரண்டு பெரிய கேன்களைப் பொதுக் குழாயில் நிரப்பி, ஜீப்பின் பின்னால் ஏற்றி, மலைக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் கேன் இரண்டும் காலியாகத் திரும்பும்.

"என்னம்மா, ஒரு நாளைக்கு ரெண்டு கேனு குடிப்பியா? ஒனக்கு இருக்கிறது வயிறா, தொட்டியா?" என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும், "குடிக்கத்தான்க்கா" என்று சிரித்து வைத்தாளே தவிர, மேற்கொண்டு வாய் திறக்கவில்லை. மலைமேல் டீக்கடைக்கு விற்கிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எனக்கு அது போதும். ஊர் நாக்கு வறண்டு கிடக்கிறது, இவள் தண்ணீரை மலையேற்றி வியாபாரம் செய்கிறாளா என்று பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே குழாய்த் திருகைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவள் வந்து குழாயைப் பார்த்தாள். "அக்கா, ஒரு கேனு மட்டுமாச்சும்..." என்றாள்.

"ஊருக்கே தண்ணி இல்ல, ஒனக்கு ஏவாரத்துக்கு வேணுமாக்கும்? போ போ, வெரசா வண்டியில ஏறு" என்று கத்தினேன். அவள் "சரிக்கா" என்றாள். காலிக் கேன்களோடு ஏறிப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் தண்ணீருக்குச் சண்டை போடாத பெண்ணை நான் பார்த்ததே இல்லை. குடம் இடித்துவிட்டால்கூட மூன்று தலைமுறைக் கதை வெளியே வரும். இவள் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? அது என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் பார்த்தால், அவள் கேன்களில் மறுபடியும் தண்ணீர்! எங்கே பிடித்தாள் என்று அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியை விசாரித்தேன்.

"நேத்து எங்க தெருவுக்கு மொறையில்ல? அவ வீட்டுக்கு வந்த தண்ணிய அப்பிடியே கேன்ல பிடிச்சு வச்சுக்கிட்டா. சோறு பொங்க என்கிட்டதான் ரெண்டு செம்பு வாங்குனா" என்றாள்.

விற்கிறவள் தன் வீட்டுச் சோற்றுத் தண்ணீரையா விற்பாள்? எனக்குத் தலையே வெடித்துவிடும் போல இருந்தது. அடுத்த நாள் மோட்டாரை என் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அன்று அவளிடம் ஒரே ஒரு கேன், அதுவும் முக்கால்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப் போயிற்று.

"எங்கக்கா, தோட்டத்துக்கா?"

"ஆமா, ஒன் டீக்கடையப் பாத்துட்டு வரலாம்னு" என்றேன். பாருங்கள், அப்போதும் எனக்கு வாய் அடங்கவில்லை.

ஜீப்பு ஓட்டும் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வாங்கக்கா, மேல வந்து நல்லாப் பாருங்க" என்றார். அவர் சொன்ன விதம் எனக்குச் சுருக்கென்றது. வளைவுகளில் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. ஆனால் எப்போதும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும் பாறைகளில் வெறும் கறைதான் இருந்தது. நான் மலைக்கு வந்தே பல வருஷம் ஆயிற்று, கீழே இருந்து பார்த்தால் மலை எப்போதும் போலத்தான் தெரிந்தது.

மெட்டைத் தாண்டி, தோட்டப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் ஜீப்பு நின்ற இடம் ஒரு லயம். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பன்னிரண்டு வீடுகள், எல்லாம் நம் பக்கத்திலிருந்து போய்த் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். மற்ற பெண்கள் களையெடுக்கப் போக, கேன்காரி மட்டும் கடைசி வீட்டைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

அது அவள் தங்கச்சி வீடு. வாசலில் தங்கச்சி நின்றாள், இடுப்பில் பத்து மாதப் பையன். கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாக இருந்தது அந்தப் பிள்ளைக்கு. நான் தண்ணீர் ஆபரேட்டர் என்று தெரிந்ததும் தங்கச்சி முகம் மலர்ந்துவிட்டது.

"மோட்டாரு சரியாயிருச்சாக்கா? ரிப்பேராகி மூணு நாளாத் தண்ணியே இல்லன்னு அக்கா சொல்லுச்சு. நீங்க விடுற தண்ணியத்தான் இந்தப் பய குடிக்கிறான்" என்றாள்.

நான் கேன்காரியைப் பார்த்தேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தங்கச்சி சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கியது. லயத்துக்குக் கீழே குழி வெட்டி, பெரிய பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்து, மழைத்தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். செடிக்குப் பாய்ச்சவும், பூச்சி மருந்து கலக்கவும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான், கலக்கும்போது மருந்து அதில் சிந்தத்தான் செய்யும். குடிக்க வந்துகொண்டிருந்த மலை ஊற்று மாசியில் நின்றுபோனது. தோட்டத்து வண்டியில் வாரம் ஒரு தடவை வரும் தண்ணீர் மூன்று நாளைக்குக்கூடக் காணாது. அதனால் அந்தக் குளத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறான். காய்ச்சினால் கிருமிதான் சாகும், மருந்து போகாது, இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் காட்டவே கூடாது என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்துதான் கேன். ஒன்று இந்தப் பிள்ளைக்கு, இன்னொன்று லயத்தில் இருக்கும் மற்ற சின்னப் பிள்ளைகளுக்கு.

"அந்த மூணு நாளும் என்ன செஞ்சம்மா?" என்று கேட்டேன்.

"இருந்ததக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தேன். மூணாம் நாளு தீந்துபோச்சு. என்கிட்டயும் பாலு இல்ல. தண்ணிக்கு வாயத் தொறந்து தொறந்து அழுது, அப்பிடியே தூங்கிட்டான்க்கா." கறிவிலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

என் வாயைச் சூட்டுக்கோலால் சுட்டாலும் தகும் என்று இருந்தது. கேன்காரி எனக்குப் பால் இல்லாத கட்டன் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அதுவும் அந்த முக்கால் கேனிலிருந்து எடுத்த தண்ணீர். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, குடிக்கவும் இறங்கவில்லை.

"ஏன் பிள்ள, என்கிட்டச் சொல்லலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கேரளாவுக்குக் கொண்டுபோறேன்னு சொன்னா விடுவீங்களாக்கா?" என்றாள்.

விட்டிருக்க மாட்டேன். அதுதான் உண்மை.

அவள் வேலைக்குப் போன பிறகு, யார் முகத்தையும் பார்க்கக் கூசி வெளியே வந்து நின்றேன். தலைக்கு மேலே, மரத்துக்கு மரம், கொடிக்கயிறு போலக் கறுப்பு ஓஸ்குழாய்கள் தொங்கிக்கொண்டு போயின. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. வீட்டுக்கு ஒன்று, எல்லாம் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து தானாக இறங்கி வருகிற குழாய்கள். பிழைப்பே குழாயோடு என்பதால் எனக்கு அந்த ஊற்றைப் பார்த்தே ஆகவேண்டும் போல இருந்தது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி முதல் வீட்டுக்காரர். "அங்க என்ன இருக்கு, வெறுஞ் சகதி" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனார்.

ஏலச்செடிகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினோம். பாறைக்கு அடியில் ஒரு குழி. போன மழையில் சரிந்த மண் அதில் பாதியை மூடியிருந்தது. மிச்சத்தில் பன்னிரண்டு ஓஸ் வாய்களும் சொருகியிருந்தன. யாருடையது எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர்த் துணி. தண்ணீர் குறையக் குறைய, ஒவ்வொரு வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஓஸைவிடத் தன்னுடையதை ஒரு சாண் கீழே இறக்கி இறக்கி, குழியைக் குத்திக் கிளறி வைத்திருந்தார்கள்.

சகதிக்குள் கையை விட்டேன். ஜில்லென்றது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தேன். விரலிடுக்கில் மெல்ல, மிக மெல்ல, தண்ணீர் ஊறி வந்தது. குழிக்குக் கீழே பார்த்தால் மண் கசிந்து, செடிகள் பச்சையாக நின்றன.

"அண்ணே, ஊத்து சாகலண்ணே! ஊறி வீணா ஒழுகுது" என்று கத்திவிட்டேன்.

"ஒழுகி என்னத்துக்கு ஆகும்? ஓஸுல வரக் காணமே" என்றார் அவர்.

அது எனக்குத் தெரிந்த நோய்தான். எங்கள் ஊர்த் தொட்டியில் கால் தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு எல்லா வால்வையும் திறந்தால் எந்தத் தெருவுக்கும் போய்ச் சேராது, குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளும். தொட்டியை நிறையவிட்டு, ஒரே ஒரு வால்வை முழுதாகத் திறந்தால், காற்றைத் தள்ளிக்கொண்டு கடைசி வீடு வரை ஓடும். கை தண்டி தண்ணீர் விழுந்த காலத்தில் பன்னிரண்டு ஓஸும் நிறைந்து ஓடியிருக்கின்றன. இப்போது நூலாக ஊறுவதைப் பன்னிரண்டு வாய் பங்கு போட்டால் ஒன்றுக்கும் கிடைக்காது. குழியைத் தூர்வாரி, கரை கட்டி, ஒரே ஓஸ் போட்டு, நிறைந்த பிறகு திறந்தால் வரும் என்றேன்.

கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாச் சொன்னீக போங்க. யாரு ஓஸு இருக்கிறது, யாரு ஓஸ உருவுறது? எங்க லயத்துப் பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா மொதல்ல தனி ஓஸு இருக்கான்னுதான் கேப்பாக. இந்த ஓஸுனால ரெண்டு வீட்டுக்காரவுக ஆறு வருசமாப் பேச்சுவார்த்த இல்ல, தெரியுமா?" என்றார்.

ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்தபோது அவரே விஷயத்தைச் சொன்னார். ஒரு பெண் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள். "காலையில வந்துட்டு மத்தியானம் எங்க ஊத்தப் பத்திப் பேசுறீக. எங்க ஓஸ எல்லாம் உருவிட்டு, நாளைக்கு அந்த ஒத்த ஓஸ வச்சிருக்கிறவுக தர மாட்டேன்னா நாங்க எங்க போறது?" என்றாள். மற்றவர்களும் அதானே என்றார்கள்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் நான் செய்ததுதான் இருந்தது.

"தர மாட்டேன்னு சொல்றவ எப்பிடி இருப்பான்னு பாக்கணுமா? என்னையப் பாருங்க" என்றேன். "மோட்டாரு ரிப்பேரெல்லாம் ஆகல. நாந்தான் குழாயப் பூட்டுனேன். கேன் கொண்டு வர்ற இந்தப் பிள்ள தண்ணி விக்கிதுன்னு யாரோ சொன்னத நம்பி, என்ன ஏதுன்னு ஒரு வார்த்த விசாரிக்காமப் பூட்டுனேன். குழாயி ஒரு ஆளு கையில இருந்தா அப்பிடித்தான் ஆகும். அதனால ஒருத்தரு கையில விடாதீக. மொறை வையுங்க. வீட்டுக்கு ஒரு நாளு தெறக்கட்டும், எல்லாரும் நின்னு பிடிக்கட்டும்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். கேன்காரி என் காதோரம் வந்து, "ஏன்க்கா சொன்னீங்க? நாந்தான் ரிப்பேருன்னு சொல்லி வச்சிருந்தேன்ல?" என்றாள். என்னைக் காப்பாற்ற அவள் போட்டு வைத்த பொய்யை நான் கெடுத்துவிட்டேனாம்!

கொஞ்ச நேரத்தில் தங்கச்சி வெளியே வந்தாள். பிள்ளையை அக்காளிடம் கொடுத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "பச்சத்துணி கட்டுனது எங்க ஓஸு. அத மொதல்ல உருவுறேன். வரலைன்னா திரும்பச் சொருகிக்கிட்டாப் போச்சு" என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவள் பின்னால் கங்காணி போனார், அப்புறம் ஒவ்வொருத்தராக ஏறினோம்.

மண்ணை வாரினோம். கல்லும் களிமண்ணும் வைத்துக் கரை கட்டி, கங்காணி எடுத்து வந்த புதுப் பிளாஸ்டிக் விரிப்பைக் கரையின் உட்புறம் ஒட்ட வைத்தோம். கடைசியில் நீளமான ஓஸ் ஒன்றை மட்டும் அடியில் வைத்து, வாயைத் துணியால் அடைத்தோம். பிறகு காத்திருப்பதுதான் வேலை. குழி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பால் பொங்கக் காத்திருப்பதைவிடக் கொடுமை. கீழே ஜீப்பு ஹாரன் அடிக்கத் தொடங்கியது. தங்கச்சியைக் குழியருகே விட்டுவிட்டு நான் லயத்துக்கு இறங்கி, ஓஸின் மறுமுனையில் உட்கார்ந்தேன். "தம்பி, கொஞ்சம் பொறுப்பா" என்று டிரைவரிடம் கெஞ்சினேன். அவரும் வண்டியை அணைத்துவிட்டு வந்து குந்திக்கொண்டார்.

மேலிருந்து "தெறந்தாச்சு!" என்று சத்தம் வந்தது. ஓஸில் ஒன்றும் இல்லை. பிறகு உஸ்ஸென்று காற்று வந்து, சேறு கொஞ்சம் துப்பியது. நின்றுவிட்டது. ஊரைக் கூட்டி, ஓஸையெல்லாம் உருவவைத்து, தங்கச்சிக்கு இருந்த நம்பிக்கையையும் கெடுத்துவிட்டேனா? மறுபடியும் காற்று, மறுபடியும் சேறு. அப்புறம் விரல் தண்டியில், விடாமல், கலங்கலாகத் தண்ணீர் வந்தது. பார்க்கப் பார்க்கத் தெளிந்துகொண்டே வந்தது.

ஆறு வருஷமாகப் பேசாத வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்து, "ஏ பிள்ள, கொடத்தக் கொண்டா வெரசா!" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் குழி காலியாகித் தண்ணீர் நின்றுவிட்டது. ஓஸ் வாயை மூடி வைத்தால் மறுபடி நிறையும். வீட்டுக்கு ஒரு குடம், காய்ச்சிக் குடிக்க மட்டும், பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முதலில் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். குளிக்கத் துவைக்க அந்தக் குளத்துத் தண்ணீர்தான். பிற்பாடு ஊற்றுக்குக் கீழே ஒரு டேங்க் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊற்று பழையபடி பெருகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷம் போன வருஷத்தைவிடக் கம்மிதானாம். முறை மட்டும் தவறாமல் நடக்கிறதாம்.

ஜீப்பில் ஏறும்போது தங்கச்சி பிள்ளையோடு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "எங்க அக்கா வாயத் தொறந்து பேசாதுக்கா. அடுத்த தடவ நீங்களாக் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து கேட்கிறேன். தொட்டி இப்போதும் பாதிதான் நிறைகிறது, என் வாயும் முழுதாக அடங்கிவிடவில்லை. ஆனால் யாராவது ஒரு குடம் கூடுதலாக வேண்டுமென்று வந்து நின்றால், யாருக்கு, என்ன அவசரம் என்று நின்று விசாரிக்கிறேன். அதற்கு அரை நிமிஷம்தான் ஆகிறது. அந்த அரை நிமிஷத்தை அன்றைக்கு நான் கொடுக்காததால்தான் ஒரு குழந்தை தாகத்தோடு அழுது தூங்கியது என்ற நினைப்பு மட்டும் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.